உள்ளே தெரிகிற குழாய்

“உள்ளே இருக்கிறது வெளியே தெரியாத குழாயா மாத்திக் கொடு, நோரீன்.”

கிழவர் டெல்மர் அந்தத் துப்பாக்கி மருந்துக் குழாய்களைக் கவுன்ட்டர்மேல் வைத்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முந்தின நாள்தான் அவரோடு வேட்டைக்குப் போகிற கிளின்ட் என் கடையைக் குடைந்து, தேடித் தேடி இவருக்குப் பரிசாக வாங்கிப் போயிருந்தான்.

“இதுக்கு என்ன குறைச்சல்? ஸ்பீட் லோடர்லயே ஒசத்தி இதுதான். ஒரு பக்கம் மருந்து, மறுபக்கம் குண்டு. மூடியைத் திறந்து கொட்டினா வேலை முடிஞ்சுது. அளவுக்கோடுகூடப் போட்டிருக்கு.”

“வெளிச்சம் பட்டா மருந்து கெட்டுடும்மா.”

“யாருக்குக் காது குத்துறீங்க?”

எங்கள் மேற்கு வர்ஜீனியா மலையில் டிசம்பர் பிறந்தால் மருந்து இடிக்கிற துப்பாக்கிக்கென்றே தனி வேட்டை சீசன். குழல் வாய் வழியாக முதலில் மருந்து, அப்புறம் குண்டு, கம்பியால் இடிக்க வேண்டும். மருந்து போட மறந்தால், பொறி கொடுக்கிற கேப் மட்டும் ‘டப்’ என்னும், குண்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கும். இந்த மனுஷர் இப்போதெல்லாம் வருஷம் தவறாமல் மறக்கிறார்.

மானைக் கோட்டைவிட்டவன் சட்டையின் பின்னோரத்தைக் கத்தரித்து, பேரும் வருஷமும் எழுதி, என் கடைச் சுவரில் ஆணி அடித்து மாட்டுவது ஊர் வழக்கம். டெல்மர் துணி அங்கே வரிசையாகத் தொங்குகிறது.

அதுதான் கிளின்டுக்குப் பொறுக்கவில்லை. முந்தின நாள் குழாய் வாங்கும்போது, “பெரிசை எல்லாரும் கேலி பண்றாங்க அக்கா. இந்தத் தடவை நான் பக்கத்துலயே நின்னு, குழாய்ல மருந்தைப் பார்த்த பிறகுதான் கொட்ட விடுவேன். மான் அவருக்குத்தான்” என்றான்.

“முதல் வெடி பெரியவருக்கு, சரி. அவர் அடிச்சுட்டா உன் வீட்டுக்கு?”

கேட்காமல் இருக்க முடியவில்லை. சுரங்கம் மூடியதிலிருந்து அவனுக்கு வேலை இல்லை. மூன்று பிள்ளைகள். வருஷா வருஷம் அவன் சுடுகிற அந்த ஒரு மான்தான் குளிர்காலம் முழுக்க அவர்கள் வீட்டு அடுப்பில் வேகும். ஒரு கிறிஸ்துமஸுக்கு டெல்மர் பன்றித்தொடை கொண்டுபோய்க் கொடுத்தார். “பிச்சை வாங்கித் தின்கிற நிலைமைக்கு இன்னும் வரலை” என்று அதைத் திருப்பி அவர் வாசலிலேயே வைத்துவிட்டு வந்தவன் அவன். அவ்வளவு ரோஷம்.

“காட்டுல ஒரே ஒரு மானா இருக்கு? பார்த்துக்கலாம் அக்கா” என்று சிரித்துக்கொண்டே போனான்.

அப்படிப்பட்டவன் கொடுத்த பரிசைத்தான் இந்தக் கிழவர் மாற்ற வந்திருக்கிறார்!

“மாத்தித் தர முடியாது” என்றேன் வெடுக்கென்று. “தன் வயித்தைப் பார்க்காம உங்க மரியாதையைப் பார்க்கிறான் அந்தப் பையன். நன்றின்னு ஒண்ணு வேண்டாமா உங்களுக்கு?”

குழாய்களைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு மளிகை அலமாரிப் பக்கம் போய் ஒரு காபிப் பொடி டின்னோடு வந்தார். உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, மோந்துகூடப் பார்க்காமல், ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதைவிடக் கறுப்பா வறுத்தது இருக்கா? கொஞ்சம் கொரகொரப்பா?”

“குடிக்கவா, கண்ணுக்கு மை தீட்டவா?” என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் கிளின்டின் வண்டி வாசலில் வந்து நின்றது. பின்னால் நல்ல கொழுத்த மான். கடையில் இருந்தவர்கள் எல்லாம் ஓடிப்போய்ப் பார்த்தார்கள்.

“யாருப்பா அடிச்சது?”

“நான்தான்” என்றான் கிளின்ட், என்னமோ தப்புச் செய்தவன்போல. “பெரிசுக்கு மறுபடியும் வெறும் ‘டப்’. மான் தலையைத் தூக்கிப் பார்த்துக்கிட்டே நிக்குது. ‘சுடுடா, சுடுடா’ன்னு என் தோள்ல குத்துறார். சுட்டுட்டேன்.”

கடையே குலுங்கிச் சிரித்தது. ஒருத்தன் கத்தரிக்கோலோடு வந்தான். டெல்மர் சமர்த்தாகத் திரும்பி நின்று சட்டையைக் காட்டினார்.

“சிரிக்காதீங்கப்பா!” கிளின்டுக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. “குழாய் நிறைய மருந்து இருந்ததை என் ரெண்டு கண்ணால பார்த்தேன். கொட்டினதையும் பார்த்தேன். துப்பாக்கியிலதான் கோளாறு. அக்கா, நீங்களே பாருங்க.”

“அதெல்லாம் வேண்டாம். வீட்டுல நானே பார்த்துக்கிறேன்” என்று டெல்மர் துப்பாக்கியைப் பிடுங்கப் பார்த்தார்.

விடுவேனா நான்? பின்கட்டு மேஜைக்கு எடுத்துப்போய், திருகுகம்பி விட்டுக் குண்டை வெளியே இழுத்தேன். ஒரு காகிதத்தின்மேல் குழலைக் கவிழ்த்துத் தட்டினேன். கறுப்பாகப் பொடி கொட்டியது. அட, மருந்து போட்டுத்தான் இருக்கிறார்! பின்னே ஏன் வெடிக்கவில்லை?

குனிந்து பார்த்தேன். குப்பென்று காபி வாசனை.

நிமிர்ந்தால், கதவோரம் டெல்மர். உதட்டின்மேல் விரல்.

“என்ன அக்கா கோளாறு?” கிளின்ட் முன்பக்கத்திலிருந்து கத்தினான்.

காகிதத்தைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டேன். “என்ன கோளாறு! மருந்தை நனைய விட்டிருக்கார் உங்க பெரிசு. இவருக்கெல்லாம் எதுக்குத் துப்பாக்கி? அந்தத் துணியைக் கொண்டா.”

அதில் பேரையும் வருஷத்தையும் எழுதி, சுத்தியலோடு சுவர்ப் பக்கம் போனேன். ஆணி அடிக்கும்போதுதான் மற்றத் துணிகளைச் சரியாகப் பார்த்தேன். சுரங்கம் மூடுவதற்கு முந்தைய வருஷங்களில் டெல்மர் பேரில் ஒரு துணிகூட அங்கே இல்லை.