ஐந்நூற்றுக்கு ஒன்று குறைவு

"எங்க ஊருத் தலை ஒண்ண எவங்கிட்ட வித்தீங்க, வாத்தியாரே?"

செல்லமுத்துக் கவுண்டர் கைத்தடியை ஊன்றிய வேகத்தில் மாரியம்மன் கோயில் வாசலில் மண் தெறித்தது. எதிரே, ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்த லாசர் வாத்தியார் மடியில் காகிதக் கட்டுடன் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். சூரமங்கலத்துக்காரர். மல்லசமுத்திரம் பள்ளிக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எந்த வீடு யாருடையது என்பதே அவருக்குத் தெரியாது. கதவில் தாரால் எழுதிய நம்பர்தான் தெரியும்.

ஐந்நூறு பேர் இருந்தால்தான் கல்லாங்காட்டுக்குத் தனிப் பஞ்சாயத்து. இல்லையென்றால் ஏரிப்பாளையத்தோடு சேர்த்துவிடுவார்கள். ஏரித் தண்ணீருக்காக எட்டு வருடமாகச் சேலம் கோர்ட்டில் கவுண்டர் மல்லுக்கு நிற்பதே அந்த ஏரிப்பாளையத்தோடுதான். இனி அவர்கள் முன்னால் போய்க் கைகட்டி நின்று தெருவிளக்குக் கேட்பதா? வாத்தியாரின் கணக்கோ நானூற்றுத் தொண்ணூற்றொன்பதில் நின்றது.

கணக்கெடுத்த வாரம் முழுக்கக் கவுண்டர் வாய்தாவுக்காகச் சேலத்தில் தங்கிவிட்டார். தான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து எவனோ விளையாடியிருக்கிறான் என்று முடிவுகட்டினார். நேராகக் காளியப்பன் மேல் பாய்ந்தார். ஏரிப்பாளையத்தில் பெண்ணெடுத்தவன் அவன். மாமனாரைக் குளிர்விக்கத் தன் வீட்டில் ஓர் ஆளை மறைத்திருப்பான்.

"பொறந்து பத்து நாளான கொழந்தையக்கூட எழுதி வெச்சிருக்கறமுங்க," என்றான் காளியப்பன். "பத்தலீன்னா இன்னொண்ணு பெத்துத் தாரேன். ஒரு வருசம் பொறுங்க."

கூட்டம் சிரித்தது. கவுண்டருக்கு அதுவே நெருப்பில் நெய்யாயிற்று. ஒவ்வொரு வீட்டுச் சீட்டையும் சபையில் வாசித்தே தீர வேண்டும் என்றார். ஒரு வீட்டு விவரத்தை இன்னொருவர் காதில் போடக் கூடாது, சர்க்கார் உத்தரவு என்று லாசர் மன்றாடினார்.

"அடுத்தவன் ஊட்டுது வேண்டாம். ஒண்ணாம் நம்பரப் படிங்க." எதிரே தெரிந்த தன் ஓட்டு வீட்டைத் தடியால் காட்டினார் கவுண்டர். "ஒழுங்கான குடும்பம் எப்படின்னு இவனுகளும் பாக்கட்டும். அந்த ஊட்டுப் பொம்பளைக அந்நிய ஆம்பளைக்கு மொகங்காட்ட மாட்டாங்க. நீங்களே பாத்திருப்பீங்க."

பார்க்கவில்லை, சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து குரல்தான் வந்தது என்று லாசர் ஒப்புக்கொண்டார். பிறகு காகிதக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தயங்கினார்.

"அந்த வீடு மட்டும் வேண்டாங்க, பெரியவரே. அந்தம்மா மனசு நோகும்."

கவுண்டரின் பொறுமை அத்தோடு போயிற்று. என் பேச்சுக்கு மறுபேச்சா என்று தடியை ஓங்கிவிட்டார். காளியப்பன் குறுக்கே வந்து பிடித்தான்.

லாசர் பெருமூச்சுவிட்டுச் சீட்டுகளைப் பிரித்து, மேலிருந்ததைக் கடைசிக்குத் தள்ளினார். பெரியசாமி, வயது இருபத்தாறு. அவன் மனைவி ராசம்மாள், இருபது. தம்பி சின்னுசாமி, பதினெட்டு. கவுண்டர் ஒவ்வொரு பெயருக்கும் மீசையைத் தடவிக்கொண்டார்.

கடைசிச் சீட்டில் வாத்தியாரின் குரல் இறங்கியது. "குடும்பத் தலைவி பாவாயி. வயசு நாப்பத்தெட்டு. விதவை."

கவுண்டரின் கை மீசையிலேயே நின்றது. பிறகு ஊரே அதிரும்படி வீட்டைப் பார்த்துக் கத்தினார்.

"அடியே, இந்தாளுகிட்ட என்னடி சொன்ன?"

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து பாவாயியின் குரல் வந்தது.

"ஒண்ணுஞ் சொல்லலீங்க. ஊட்டுக்காரர் பேரக் கேட்டாருங்க. உங்க பேர நான் எப்படிங்க சொல்லுவேன்?"