சிலந்தி போட்ட முடிச்சு

தோட்டத்து மதில்மேல் பார்வை மங்கிய சிலந்தி ஒன்று இருந்தது. அது தரையில் இறங்கி, நூலை விட்டுக்கொண்டே ஒரு சுற்று நடக்கும். புறப்பட்ட இடத்துக்கு வந்ததும் இரு முனைகளையும் பிடித்து இழுக்கும். நூல் முழுவதும் வந்துவிட்டால் நடுவே ஒன்றுமில்லை. சிக்கிக்கொண்டால் அங்கே ஏதோ நிற்கிறது என்று தன் வலையில் ஒரு முடிச்சுப் போட்டுவைக்கும். தோட்டத்தில் எல்லோருக்கும் அந்த வலைதான் வரைபடம்.

ஒருநாள் வானம் கறுத்தது. முட்டைகளைச் சுமந்த கூட்டத்தோடு தலைமை எறும்பு ஓடிவந்தது.

"சிலந்தியக்கா, வெள்ளம் வரப்போகுது. எங்கே ஏறி நிக்கலாம்?"

சிலந்தி வலையைத் தடவியது. "கிழக்கே ஒண்ணு நிக்குது, மேற்கே ஒண்ணு நிக்குது."

"எது உசரம்?"

இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. சிலந்தி இரண்டு முடிச்சுகளையும் மறுபடி தடவிப் பார்த்தது.

"ரெண்டும் ஒண்ணுதான் தாயி. கிழக்கேதான் கிட்ட."

எறும்புகள் கிழக்கே போயின.

மேற்கே நின்றது புளியமரம். கிழக்கே நின்றது ஆடு கட்டும் முளைக்குச்சி.

மூன்றாம் நாள் வெள்ளம் வடிந்தது. சிலந்தி கிழக்கே போய், சுற்றிவந்து நூலை இழுத்தது. சிக்கியது. முடிச்சில் பிழையில்லை. ஆனாலும் அது நூலை விடாமல், "தாயி, தாயி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.