மச்சான் தெரியாத மெஷின்

"பாய், முப்பத்தேழ எடுத்துத் தனியா வை. என் மச்சானுக்கு."

வீராசாமி சொன்னது நாகவல்லியின் காதில் தெளிவாக விழுந்தது. டோக்கன் கட்டோடு உட்கார்ந்திருந்த ஷஃபியுல்லா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அட்டையை உருவி நீட்டினான். வீராசாமி அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினான்.

நாகவல்லிக்குச் சுருக்கென்றது.

கொரட்டூர் இளைஞர் மன்றம் நடத்தும் கம்ப்யூட்டர் கண்காட்சி அது. மன்றத்துக்கு அவள்தான் செயலாளர். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, நடுவில் ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்திருந்தார்கள். தூசி ஆகாது, செருப்பை வெளியே விடணும் என்று ஷஃபியுல்லா சொல்லியிருந்தான். மண்தரையில் அந்தக் கட்டளை எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. சிலர் குழாயடியில் காலையும் கழுவிக்கொண்டு வந்தார்கள்.

ஷஃபியுல்லா வேலை பார்க்கும் அம்பத்தூர் கம்ப்யூட்டர் சென்டர், ஒருவருக்கு மட்டும் வகுப்பு இலவசம் என்று அறிவித்திருந்தது. யாருக்கு என்பதைக் கம்ப்யூட்டரே குலுக்கிச் சொல்லும். ப்ரோக்ராம் ஷஃபியுல்லா எழுதியது.

முந்தின நாள் ஒத்திகையில்தான் அந்தக் கூத்து தெரிந்தது. மெஷினை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் முதலில் வருவது முப்பத்தேழுதான். "சரி பண்ணிடறேன்" என்றிருந்தான் ஷஃபியுல்லா. பந்தல் போட வந்த வீராசாமியும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னா ஷஃபி, சரி பண்றேன்னு சொன்னியே?"

"பண்ணத் தெரியல."

"அதுக்கு? அவன் மச்சானுக்குத் தூக்கிக் குடுப்பியா?"

"பந்தலு, சேரு, சீரியல் லைட்டு எல்லாம் அவுங்க கடையோடது. குடுக்கலன்னா இப்பவே பிரிச்சிகினு பூடுவேன்றான். நீ போய்ப் பேச்சுக்கு ரெடியாவு."

"உன்ன மனுஷன்னு நெனச்சேன் பாரு."

அவன் அடுத்த டோக்கனை எடுத்தான்.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. தன் தெருவிலிருந்து கன்னியம்மாவை அவள்தான் கூட்டி வந்திருந்தாள். பிளஸ் டூவில் நல்ல மார்க். மேலே படிக்க வைக்க வீட்டில் வழியில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சட்டைக் கம்பெனியில் பட்டன் தைக்கிறாள். இந்த வகுப்பு கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை மறுபடி பட்டன்.

"நமக்கெல்லாம் எங்கக்கா கெடைக்கும்?" என்று தயங்கியவளிடம், "மெஷின் ஆள் பாக்காதுடி, வா" என்று சொல்லி இழுத்து வந்திருந்தாள்.

சாயங்காலம் பட்டிமன்றம். 'நியாயம் வழங்க வல்லது மனிதனா, மெஷினா?' நாகவல்லி மெஷின் கட்சி. தயாரித்து வந்ததை மாற்ற நேரமில்லை.

"மனுஷனுக்கு ஓரவஞ்சனை உண்டு. மெஷினுக்கு மாமனும் தெரியாது, மச்சானும் தெரியாது!"

விசில் பறந்தது. முதல் வரிசையில் புதுச் சட்டையும் படிய வாரிய தலையுமாக உட்கார்ந்திருந்த வீராசாமியின் மச்சான்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினான்.

குலுக்கல் தொடங்கியது. வீராசாமி மாலைப் பொட்டலத்தைப் பிரித்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டான். ஷஃபியுல்லா மைக்கைப் பிடித்தான்.

"மெஷின் ஒழுங்கா வேல செய்யுதான்னு நீங்க பாக்கணும் இல்ல? மொதல்ல ஒரு டெஸ்டிங். இது கணக்குல சேராது."

தட்டினான். திரையில் முப்பத்தேழு.

மச்சான் பாதி எழுந்துவிட்டான்.

"குந்து நைனா, டெஸ்டிங்குன்னு சொல்றாரு இல்ல?" பின்னாலிருந்து ஒரு குரல். பந்தலே சிரித்தது.

"டேய், அது வந்து..." என்றான் வீராசாமி.

"இன்னா அண்ணாத்தே, எதுனா சொல்லணுமா?" ஷஃபியுல்லா மைக்கை அவன் பக்கம் நீட்டினான்.

வீராசாமி சுற்றிலும் பார்த்தான். "ஒண்ணுமில்ல. நீ நடத்து."

அடுத்துத் தட்டியதும் பதினாலு விழுந்தது.

கடைசி வரிசையில் ஒரு கை மெல்ல மேலே வந்தது. கன்னியம்மா.

மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் வீராசாமியே அவள் கழுத்தில் போட வேண்டியதாயிற்று. நாகவல்லிக்குக் கைதட்டிக் கைதட்டி உள்ளங்கை சிவந்துவிட்டது.

கூட்டம் கலைந்தது. கிழித்துப் போட்ட டோக்கன்கள் தரையெல்லாம் கிடந்தன. வீராசாமியின் ஆட்கள் அதற்குள் ஒரு பக்கத்துக் கீற்றை அவிழ்க்க ஆரம்பித்திருந்தார்கள். நாகவல்லி கம்ப்யூட்டர் மேஜைக்கு வந்தாள்.

"ஷஃபி, மன்னிச்சுக்க. என்னென்னமோ பேசிட்டேன். அவனுக்கு வச்ச பாரு ஒரு ஆப்பு!"

"அத வுடு."

"இல்ல, நெசமாத்தான் சொல்றேன். இத்தன பேர்ல கரெக்டா கன்னியம்மாவ எடுத்துச்சு பாரு. இதான் நியாயமான குலுக்கல்."

ஷஃபியுல்லா வயரைச் சுற்றிக்கொண்டே, "மொதல்ல முப்பத்தேழு வந்தா, ரெண்டாவது எப்பவும் பதினாலுதான் வரும்" என்றான்.

"என்னது?"

"அந்தப் பொண்ணு காலைலேர்ந்து கீபோர்டத் தொடாம சுத்திச் சுத்தி வந்துகினு இருந்துச்சு. மனசு கேக்கல. கூப்ட்டு பதினால நான்தான் கையில குடுத்தேன்."

நாகவல்லி நிமிர்ந்து பார்த்தாள். பந்தலுக்கு வெளியே, மாலையும் கழுத்துமாகக் கன்னியம்மா குனிந்து தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். யாரோ ஏதோ கேட்டதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள்.

நாகவல்லி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, ஷஃபியுல்லாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"யாராவது வர்றதுக்குள்ள அந்த ப்ரோக்ராம அழிச்சிடு."