கன்னத்தில் ஒரு கடலை

தாயை இழந்த குரங்குக் குட்டி ஒன்றை ஒரு வெள்ளாடு எடுத்து வளர்த்தது. வேலியில் உட்கார்ந்திருந்த காக்கைக்கு அந்த வளர்ப்பு வேடிக்கையாக இருந்தது. விடிந்ததும் பால். வெயில் ஏறியதும், அறுவடை முடிந்த காட்டில் காலால் கிளறி எடுத்து, கூப்பிட்டுக் கொடுக்கும் கடலை. எங்கே கிளம்பினாலும், "நிழல் சாயும்போது வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆடு போகும். சொன்னபடி வந்தும் நிற்கும்.

"எதுக்கு ஆட்டக்கா இத்தனை கெடுபிடி? பசிச்சா அதுவே வந்து கேக்காதா?" என்றது காக்கை.

"அதோட கன்னத்தைப் பாரு" என்றது ஆடு.

எவ்வளவு தின்றாலும் குட்டி ஒரு கடலையை மட்டும் விழுங்காமல் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தது. தூக்கத்திலும் கன்னம் உப்பியே இருந்தது.

அதன்பிறகு காக்கை அந்தக் கன்னத்தைப் பார்க்கவே தினமும் வந்தது. அடைமழையிலும் ஆடு நேரம் தவறவில்லை. குட்டியின் கன்னத்து உப்பலும் வற்றவில்லை.

ஒரு நாள் குட்டி அந்தக் கடலையை எடுத்துக் காக்கையின் முன்னால் வைத்தது. "நீ தின்னு."

காக்கை அசந்துபோனது. "நாளைக்கு உனக்கு?"

"நாளைக்கும்தான் ஆட்டம்மா கூப்பிடுவாங்களே."

மறுநாள் வெயில் ஏறியதும் ஆடு குரல் கொடுத்தது. குட்டி குதித்துக்கொண்டு ஓடியது. பின்னாலேயே, யாரும் கூப்பிடாமல், காக்கையும் நடந்தது.