கால் எட்டும் வண்டி

“வாசல்ல இது நின்னாலே போதும் தங்கச்சி. வீட்ல ஆம்பள இருக்கான்னு பயந்துக்குவானுவ.”

“இதே மாதிரி ஒண்ணு நின்னுச்சு பாய். போன வாரம் வரைக்கும்.”

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல், ஜபருல்லா பாய் அந்தக் கருப்பு புல்லட்டின் டேங்கை இன்னொரு முறை துடைத்தார்.

பேராவூரணி சாலையில் அவருடைய பழைய வண்டிக் கடை. தகரக் கூரைக்குக் கீழே வண்டிகளெல்லாம் ஒரே பக்கம் தலையைத் திருப்பி நின்றன, யாரோ கூப்பிட்டுவிட்டதைப் போல.

தையல்நாயகி டேங்கில் தன் முகத்தைப் பார்த்தாள். வளைந்து, நீண்டு தெரிந்தது.

அதே கருப்பு. அதே உயரம். வாங்கிக்கொண்டுபோய் அதே இடத்தில் நிறுத்திவிட்டால், எதுவுமே நடக்கவில்லை என்றாகிவிடும்.

காணாமல் போனது அவள் கணவனின் வண்டி. மதியழகன் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறான். லீவில் வருகிற ஒரு மாதம் அதன் மேலேயே இருப்பான். மற்ற மாதங்களில் அது அவளுடைய பொறுப்பு.

அவனுக்கு இன்னும் தெரியாது.

வண்டி போன அன்று விடியற்காலையில் மழை. கோலமாவோடு கதவைத் திறந்தாள். தெரு முழுக்க நனைந்து கிடந்தது. வாசலில் மட்டும் ஒரு வண்டி அளவுக்குக் காய்ந்த தரை.

அப்படியென்றால் மழை விட்ட பிறகுதான் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அவள் உள்ளே மாவு டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தபோது.

ஹேண்டில் லாக் போட்டிருக்கவில்லை. போட வேண்டுமென்றால் ஹேண்டிலை முழுக்க இடது பக்கம் ஒடித்துச் சாவியை அழுத்த வேண்டும். அப்படி ஒடித்தபோது ஒரு தடவை மொத்த வண்டியும் அவள் மேல் சாய்ந்தது. சைலன்ஸர் சுட்ட தழும்பு கணுக்காலில் இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் ஹேண்டிலைத் தொடவில்லை. லாக் போட்டாயா என்று அவன் கேட்கும்போதெல்லாம் ‘ம்’ என்று மட்டும் சொன்னாள்.

ஸ்டேஷனில், வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவரை வரச் சொல் என்றார்கள். எதிர்வீட்டுக்காரியிடம் சர்வீஸுக்கு விட்டிருப்பதாகச் சொல்லிவைத்தாள்.

அடி அடியென்று அடிக்கிற ஆள் இல்லை மதியழகன். அவன் பேச்சை நிறுத்திவிடுவான். அவன் தங்கை கல்யாணத்துக்கு அவள் பஸ்ஸைத் தவறவிட்டாள் என்று ஒரு கோடை முழுக்க ஃபோன் செய்யவில்லை. பிறகு ஒருநாள், எதுவுமே நடக்காதது மாதிரி, சாப்பிட்டாயா என்று கேட்டான். அவள் அன்றுதான் சாப்பிட்டாள்.

இப்போது வாசல் வெறுமையாக இருக்கிறது. தெருவில் ஏதாவது வண்டி வேகம் குறைந்தால் அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுக்கிறாள். எடுத்துப் போனவர்களுக்குத் தெரியும், இந்த வீட்டில் லாக் போடத் தெம்பில்லாத ஒருத்தி இருக்கிறாள் என்று.

“இத எடுத்துக்கிறியா, வேணாமா?” என்றார் பாய்.

அவள் புல்லட்டின் ஹேண்டிலில் கை வைத்தாள். இடது பக்கம் ஒடிக்கப் பார்த்தாள். கணுக்கால் தானாகப் பின்வாங்கியது.

சுவரோரம் ஒரு நீல ஸ்கூட்டர் நின்றது. முன் விளக்கில் கீறல். அக்காவின் ஸ்கூட்டரை அவள் ஓட்டியிருக்கிறாள். ஏறி உட்கார்ந்தாள்.

இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன.

அந்த வாரத்தில் முதல் தடவையாக எதுவோ தன்னைத் தாங்குவதாக இருந்தது.

ராத்திரியானால் தனியாளாக வீட்டுக்குள் ஏற்றிவிட முடியுமா என்று கேட்டாள். பாய் கடைப்படியில் ஒரு பலகையைச் சாய்த்தார். அவள் தனியாகத் தள்ளினாள். முரண்டு பிடிக்காமல் ஏறியது. கூடத்தில், கட்டிலுக்கும் டிவிக்கும் நடுவில், கை எட்டுகிற தூரத்தில் அது நிற்பதை நினைத்துக்கொண்டாள். திரும்ப இறக்கி, ஏறி உட்கார்ந்தாள்.

ஃபோன் அடித்தது.

வெள்ளிக்கிழமை. அவனுக்கு லீவு நாள்.

சாப்பிட்டாயா என்றான். ம் என்றாள். மழையா என்றான். ம் என்றாள். பிறகு எல்லா வெள்ளிக்கிழமையும் சொல்வதைச் சொன்னான். வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஃபோனை சைலன்ஸர் பக்கம் பிடிக்கச் சொன்னான்.

பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்றுதான் ஆரம்பித்தது. இப்போது அவனுக்கு அது கேட்க வேண்டும். அறையில் எட்டுப் பேர் படுத்திருக்க, கண்ணை மூடிக்கொண்டு கேட்பானாம். அப்படிக் கேட்டே ஒரு தடவை, செயின் தளர்ந்திருக்கிறது, பார் என்றான். தளர்ந்துதான் இருந்தது.

“என்ன, வாசல்லதான நிக்கிற?”

ஃபோன் ஸ்பீக்கரில் இருந்ததால் அது பாய்க்கும் கேட்டது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கருப்பு புல்லட்டில் செருகினார். ஸ்டார்ட்டர் பட்டன் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, புருவத்தை உயர்த்தினார்.

தகரத்தில் தூறல் விழ ஆரம்பித்தது.

அவன் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடிக்காமலும் போகலாம். கண்டுபிடிக்காமல் போனால், அடுத்த வெள்ளிக்கிழமை?

தையல்நாயகி பாயைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். அசைந்தது தன் தலைதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

ஸ்கூட்டரில் தொங்கிய சாவியைத் திருப்பி, பிரேக்கைப் பிடித்தாள். பட்டனை அழுத்தினாள்.

மெல்லிய சத்தம். தையல் மெஷின் ஓடுவதைப் போல.

குனிந்து ஃபோனை நீட்டினாள். இன்னொரு கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.



எதிர்முனையில் அவன் அறையின் ஃபேன் சத்தம்கூட இல்லை.

பிறகு அவன் குரல் வந்தது. கோபமா என்று சொல்ல முடியாத அளவுக்கு மெதுவாக.

“தையலு, ஃபோன இன்னும் கொஞ்சம் கிட்ட வையேன்.”