இருவரும் விட்டுக்கொடுத்த மூடி

மேஜை நடுவில் புதிய வெந்நீர்க் குடுவை ஒன்று நிற்கிறது. குடுவை ஒரு கம்பெனி, மூடி இன்னொரு கம்பெனி. இரண்டும் எவ்வளவு ஒத்துப்போய் வேலை செய்கின்றன என்று மதிப்பெண் போட வந்திருக்கும் அம்மாள் அதைக் கவிழ்த்துப் பிடிக்கிறார். தண்ணீர் சொட்டுகிறது. துடைக்க ஒருவரும் எழவில்லை. பத்துக்கு ஐந்து மதிப்பெண்ணாவது வராவிட்டால் கூட்டு இன்றோடு முறியும். எதிரே உட்கார்ந்திருக்கும் மூடிக்காரர், குடுவைக்காரி இருவருக்கும் வேலை போகும். “போன தடவை மூடி உள்ளேயே போகலையே, இப்ப எப்படி இப்படி லொடலொடன்னு ஆடுது?” என்கிறார் அம்மாள். மூடிக்காரர் தன் கைகளையே பார்க்கிறார். “அவங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நானே மூடியைக் கொஞ்சம் தேய்ச்சுட்டேன் மேடம்.” குடுவைக்காரி மெதுவாகத் திரும்புகிறாள். “ஐயோ அண்ணே, உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு நானும் குடுவை வாயைப் பெரிசாக்கிட்டேனே.” அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறார். “சம்பந்தி வீட்டு மரியாதையெல்லாம் சரி. ஒரு போன் பண்ணிக் கேக்கறதுக்கு ரெண்டு பேருக்கும் வாயில என்ன கொழுக்கட்டையா?” யாருக்கும் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் மேஜை விளிம்புக்கு வந்து தரையில் விழுகிறது. “மனசுக்குன்னா பத்துக்குப் பத்து போடுவேன். வேலைக்கு மூணுதான்,” என்று எழுதிவிட்டு அம்மாள் கண்ணாடியைக் கழற்றுகிறார். இருவரும் தலையாட்டிவிட்டுப் பைகளை எடுத்துக்கொள்கிறார்கள். கதவு ஒரு ஆள் போகிற அகலம். “நீங்க முதல்ல போங்கம்மா,” என்கிறார் மூடிக்காரர். “இல்லண்ணே, நீங்க போங்க,” என்கிறாள் அவள். இருவரும் அங்கேயே நிற்கிறார்கள்.