தனக்குத்தானே போட்டி

1944. திருத்தணியில் எங்கள் கிறிஸ்தவ சபைக்கு வாலிபர் மண்டபம் கட்ட, அறுப்பின் பண்டிகையில் காணிக்கைகளை ஏலம் போட்டவன் நான்.

மார்கரெட்டம்மாள் யானைத்தலை அளவு பூசணிக்காயைச் சுமந்து வந்தாள்.

"பர்மா சண்டையிலேர்ந்து எம் புள்ள வந்ததும் அந்த மண்டபத்துலதான் அவனுக்குக் கண்ணாலம். நல்ல வெலைக்குப் போவணும்ங்க!"

"ஒரு ரூபா!" என்றார் தபால்காரர் பிரபுதாஸ்.

"ஒருதரம்... ரெண்டுதரம்..."

"ரெண்டு ரூபா!" மறுபடியும் அவரே.

"யோவ், உன்னோட நீயே போட்டி போட்டுகினு கீறியே!" என்றேன்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் தணிகைமலை ஒரு சாண் நகர்ந்தது.

இருபது ரூபாய்வரை தன்னைத்தானே துரத்தியவர், அதற்குமேல் வழியில்லாமல் வாயை மூடிக்கொண்டார்.

"மூணுதரம்!"

மார்கரெட்டம்மாள் பூரித்துப்போய்க் காயை நீட்டினாள். "ஒத்தக் காய்க்கு எதுக்கு நைனா இத்தினி ரூபா?"

"ஏலம் முடியாமலே இருந்தா தேவலன்னு பார்த்தேம்மா" என்றவர், காக்கிப் பையிலிருந்து பட்டாளத்துத் தந்தியை எடுத்தார்.